மிச்சமிருந்த கன்னம்

அரசி டீச்சரிடம் கேள்வி கேட்பது சுலபம். பதில் வாங்குவதுதான் பெரும்பாடு.

முழுப்பெயர் மங்கையர்க்கரசி. ஒரு தொழிற்சாலையில் இரும்பைக் காய்ச்சிப் பதம் ஏற்றும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். வேலையை விட்டதும் தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு பாக்குத் தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டுக் கத்தி செய்ய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கத்திப் பைத்தியங்கள் கொஞ்சம் பேர் அங்கே வந்து கூடுவார்கள். கத்தி தீட்டப் படிக்கிறோம் என்று பேர். தீட்டியதைவிடப் பேசியது அதிகம்.

இந்தக் கூட்டத்தைச் சந்தையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். ஒருவருக்கும் முன்கையில் முடி இருக்காது. தீட்டிய கத்தி சிரைக்கிறதா என்று அங்கேதான் வைத்துப் பார்ப்பார்கள்.

அன்று முதல் ஆளாக வந்தவர் பொங்கியண்ணன். மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். முகத்தில் ஒரு வாரத் தாடி.

"டீச்சர், ஒரே ஒரு கேள்விங்க. பவுடர் ஸ்டீல் ஒசத்தியா, கார்பன் ஸ்டீல் ஒசத்தியா?"

டீச்சர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"காலங்காத்தால என்னங்க சார் அவசரம்?"

"நீங்க சொல்லுங்க. நான் அப்புறம் சொல்றேன்."

"நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றதா வேண்டாமான்னு பாப்போம்."

பொங்கியண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை தங்கச்சி பாப்பாவுக்குச் சென்னிமலைக் கோயில்ல காது குத்துங்க. தாய்மாமன் நான். என் மடியில வெச்சுத்தான் குத்தோணும். மாப்பிள்ளை இன்னும் என்னைக் கூப்பிடலைங்க."

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன் நாச்சிமுத்து. அவரும் டீச்சரின் சீடர்தான். இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து போனவர்கள். பொங்கலோடு அது நின்றுபோனது.

பொங்கல் அன்று நாச்சிமுத்து குடும்பத்தோடு மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். மச்சானுடைய கார்பன் ஸ்டீல் கத்தியை எடுத்து எலுமிச்சம்பழம் நறுக்கினார். அந்த நேரம் பார்த்துப் பாப்பா வீறிட்டு அழ, கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அந்த ஸ்டீல் நல்ல ஸ்டீல்தான், ஆனால் ஈரத்தோடு விட்டால் மன்னிக்காது. மறுநாள் காலையில் அலகு முழுக்கத் துரு.

"தொடைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கத்தி?" என்று பொங்கியண்ணன் கத்தினார். வீடு நிறைய விருந்தாளிகள்.

"தொடச்சுத் தொடச்சுக் கும்புடற கத்தி எனக்கு வேண்டாமுங்க. என்னுது பவுடர் ஸ்டீல்" என்றார் நாச்சிமுத்து. கை நனைக்காமல் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு கத்திக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. பவுடர் ஸ்டீல் கூர் மழுங்காது, துரு பிடிக்காது என்று ஒரு கட்சி. அதைத் தீட்டுவதற்குள் தாலி அறுந்துபோகும், கார்பன் போல வருமா என்று இன்னொரு கட்சி. படம் போட்டார்கள், வீடியோ போட்டார்கள். திட்டியது ஒருவரை ஒருவர். பெயர் மட்டும் ஸ்டீலின் பெயர்.

"தங்கச்சி போன்ல அழுவறாளுங்க. கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்த பாப்பா. ஆனா வீட்டுக்காரர் வாயில இருந்து ஒரு வார்த்தை வராம நான் எப்படிங்க போயி நிக்கறது? நான் போவலைன்னா வேற யாரோ ஒரு மாமன் மடியில வெச்சுக் குத்திருவாங்க" என்றார் பொங்கியண்ணன். "கார்பன்தான் ஒசத்தின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அவர் எறங்கி வந்துருவாரு."

"பவுடர்னு சொல்லிட்டா?"

பொங்கியண்ணன் தாடியைச் சொறிந்தார்.

"கத்தி கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்குதுங்க."

"அவரும் வரட்டும்" என்றார் டீச்சர். இன்னொரு கடலையை எடுத்தார்.

நாச்சிமுத்து வந்தார். மார்பு வரைக்கும் தாடி, தோள் வரைக்கும் முடி. மச்சானைப் பார்த்தார், பார்க்காததுபோல் கொட்டகையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

டீச்சர் உள்ளே போய் ஒரு கட்டுத் தேங்காய்நார்க் கயிற்றைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்.

"ரெண்டு பேரும் வெட்டுங்க. எந்தக் கத்தி மொதல்ல சிரைக்காமப் போவுதோ, அது தோத்துச்சு."

கத்திக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. இரண்டு பேரும் மரக்கட்டையைப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நறுக், நறுக் என்று கயிறு துண்டாக விழுந்தது. சுற்றி நின்றவர்கள் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் சட்டை நனைந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை.

கயிறுதான் தீர்ந்தது.

"இப்பச் சிரைச்சுப் பாருங்க" என்றார் டீச்சர்.

பொங்கியண்ணன் இடது கையை நீட்டினார். கை மொழுமொழுவென்று இருந்தது. போட்டி உண்டோ இல்லையோ, முந்தின நாள் முழுக்கத் தீட்டித் தீட்டி இருந்த முடியையெல்லாம் எடுத்திருந்தார். வலது கையைப் பார்த்தார். அதுவும் அதே கதி. நாச்சிமுத்துவின் கைகளும் அப்படித்தான்.

"கால்ல பாத்துக்கலாம்" என்று பொங்கியண்ணன் வேட்டியைத் தூக்கினார்.

"டீச்சர், கால் முடி மொரட்டு முடி. அது கணக்குல வராதுன்னு சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து, கூரையைப் பார்த்து.

"பேப்பர் வெட்டிப் பாக்கலாமே?" என்றார் ஒருவர்.

இரண்டு பேரும் அவரை முறைத்த முறைப்பில் அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். கூட்டத்தில் வேறு யாருடைய கையிலாவது முடி இருக்கிறதா என்று தேடினார்கள். மருந்துக்குக்கூட இல்லை.

டீச்சர் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார்.

"சார், உங்க கன்னத்துல ஒரு வாரத்து முடி இருக்குதே."

பொங்கியண்ணன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "ஆமாங்க. நானே சிரைச்சுக் காட்டறேன்."

"நீங்களே சிரைச்சு, நல்லாச் சிரைக்குதுன்னு நீங்களே சொன்னா அவர் ஒத்துக்குவாரா?"

"மாட்டாரு."

"அப்ப அவரே உங்க கத்தியால சிரைச்சுப் பாக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் ஓரடி நெருங்கி வந்தார்கள்.

பொங்கியண்ணன் தன் கத்தியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். முக்காலியில் போய் உட்கார்ந்தார். நாச்சிமுத்து தயங்கித் தயங்கி வந்து சோப்பைக் குழைத்து மச்சானின் கன்னத்தில் பூசினார். பிறகு கத்தியை எடுத்தார். பொங்கலன்று துரு ஏறிய அதே கத்தி. தேய்த்துத் தேய்த்து எடுத்தும் அலகின் ஓரத்தில் ஒரு கறுப்புத் தழும்பு போகாமல் இருந்தது. நாச்சிமுத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மோவாயைத் தூக்குங்க" என்றார்.

பொங்கியண்ணன் தூக்கினார். கண்ணை மட்டும் அகலத் திறந்து கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் விரல் அவர் காதோரத்தில் பட்டது. கத்தி கன்னத்தில் இறங்கித் தாடையோரம் வந்து கழுத்தருகே நின்றது.

"சிரைக்குதுங்களா?" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து அலகில் ஒட்டிய நுரையைப் பார்த்தார்.

"சிரைக்குதுங்க."

"இழுக்குது" என்றார் பொங்கியண்ணன். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "நெசத்தைச் சொல்லுங்க மாப்பிள்ளை. இழுக்குது. கார்பன் கூர் போயிருச்சு."

"இல்லீங்க மச்சான். நல்லாத்தான் சிரைக்குது."

"என் கன்னம், எனக்குத் தெரியாதா?"

"என் கையி, எனக்குத் தெரியாதுங்களா?"

பொங்கலிலிருந்து இன்றுவரை அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இதுதான். அதிலும் ஒருவர் கட்சியை மற்றவர் பேசினார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"சரி, அந்தக் கத்தியையும் பாத்தரலாம். உங்க தாடியை அவர் எடுக்கட்டும்" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து பதறிப்போய் மறுகையால் தாடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, இது சாமிக்கு விட்ட முடிங்க டீச்சர். பாப்பா பொறந்தா எடுக்கறேன்னு வேண்டுனது. புதன்கிழமை சென்னிமலையில…"

சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தார்.

"பாப்பா வேற யார் மடியிலயும் உக்கார மாட்டாளுங்க மச்சான். உங்க மடிதான். நீங்க வந்து நடத்திக் குடுக்கோணும்."

பொங்கியண்ணன் வேகமாகத் தலையை ஆட்டினார்.

"ஆட்டாதீங்க, கத்தி கழுத்துல இருக்குது!" என்று நாச்சிமுத்து கத்தினார். கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

நாச்சிமுத்து கத்தியைத் தண்ணீரில் அலசினார். தன் தோள் துண்டை எடுத்து ஒரு பக்கம் துடைத்தார், திருப்பி மறுபக்கம் துடைத்தார். டீச்சரின் மேசையிலிருந்த எண்ணெயைத் தொட்டு அலகின் அடியிலிருந்து நுனிவரை தடவினார். கறுப்புத் தழும்பின் மேல் இன்னொரு தடவை தடவினார். பிறகு கத்தியை மரக்கட்டையில், தன் பவுடர் ஸ்டீல் கத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

பொங்கியண்ணன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். ஆனாலும் கத்திக்காரர் கத்திக்காரர்தான்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே? எந்த ஸ்டீலுங்க ஒசத்தி?"

அரசி டீச்சர் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பக்கம் மழமழவென்று இருந்தது. மறுபக்கம் ஒரு வாரத் தாடி அப்படியே இருந்தது.

"இன்னொரு கன்னம் மிச்சம் இருக்குதுங்களே சார். போயி உக்காருங்க."

பொங்கியண்ணன் முக்காலிக்குத் திரும்பிப் போனார். நாச்சிமுத்து சோப்பைக் குழைத்துப் பூசினார். கட்டையில் கிடந்த இரண்டு கத்திகளையும் பார்த்தார்.

"எந்தக் கத்திங்க மச்சான்?"

பொங்கியண்ணன் அதற்குள் கண்ணை மூடி மோவாயைத் தூக்கியிருந்தார்.