மஞ்சள் சட்டை மாமாக்கள்

தணிகாசலம், மாசிலாமணி, ஏகாம்பரம் மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள். கெட்டவர்கள் என்று வாய் கூசாமல் யாரும் சொல்ல முடியாது. சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டார்கள். வம்பே அதில்தான்.

அவர்களுடைய அக்கா செல்வநாயகிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பரீட்சை வந்தது. வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூர் போயிருந்தார். இரண்டு வயசு ஆதனை மாமன்மார் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போதே அக்கா விரலை ஆட்டிச் சொல்லிவிட்டாள்.

"புள்ள மேல வச்ச கண்ண எடுக்கக் கூடாது. அவன் இல்லாம வந்தீங்க, மூணு பேரும் இந்த வாசப்படி மிதிக்க வேணாம். ஆமா!"

அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு இல்லாமல் உயிர் வாழ்வது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது.

மிருகக்காட்சிசாலைக்குள் போனதும் ஆதனுக்கு வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன், முன்னால் ஏகாம்பரம் பின்னோக்கி நடந்தபடி. ஆறு கண்ணும் பிள்ளை மேல்தான்.

"அண்ணே, இமைச்சா கண்ண எடுத்ததாக் கணக்கா?" என்றான் ஏகாம்பரம்.

மூத்தவன் தணிகாசலம் நன்றாக யோசித்தான். "மூணு பேரும் ஒண்ணா இமைச்சாத்தான் தப்பு. முறை வச்சுக்குவோம்."

"அப்ப நான் இமைக்கட்டா?"

"பொறுடா, மாசிலாமணி இமைச்சுக்கிட்டிருக்கான்."

ஆதன் சும்மா வருகிற பிள்ளையா? எதைக் கண்டாலும் விரலை நீட்டி, "அது ன்னா?" என்றான். திரும்பிப் பார்க்காமல் எப்படிப் பதில் சொல்வது? மாமன்மார் அவன் முகத்தைப் பார்த்தே மிருகத்தைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். மூக்கைச் சுளித்தால் நரி, வாயைப் பிளந்தால் யானை.

"நல்லாப் பொளந்திருக்கான். யானைதான்," என்றான் மாசிலாமணி.

"யானைடா கண்ணு!" என்றார்கள் மூவரும்.

"ஆனை! ஆனை!" என்று ஆதன் கை தட்டினான். எதிரே நின்றிருந்த ஐஸ் வண்டிக்காரர் கொஞ்சம் கனத்த உடம்பு. அவர் முகம் சுண்டிப்போயிற்று, பாவம்.

புலிக்கூண்டு பக்கம் போகும்போது, பின்னோக்கி நடந்த ஏகாம்பரம் பென்குயின் மாதிரி செய்து வைத்திருந்த குப்பைத்தொட்டிக்குள் இடறி விழுந்து, காலும் தலையும் மட்டும் வெளியே தெரிய மாட்டிக்கொண்டான். காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ்! முன்னாடி பாத்து நடங்கய்யா, மூணு பேரும்!"

ஏகாம்பரத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டு ஆலோசனை நடந்தது.

"அக்கா புள்ளையப் பாருங்குது. இவரு முன்னாடி பாருங்கறாரு. யார் பேச்சக் கேக்கறது?"

"அக்காகிட்ட விசில் இருக்கா?" என்று கேட்டான் தணிகாசலம்.

"இல்லண்ணே."

"காக்கிச் சட்டை?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் என்ன கேள்வி? நடங்கடா."

மூவரும் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஆதன் புலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறுக்குத் துண்டை இழுத்துப்போகும் எறும்பை விசாரித்துக்கொண்டிருந்தான். மாமன்மார் மதில் சுவர் வந்து மூக்கில் இடிக்கிறவரை நிற்கவில்லை.

"அண்ணே, முன்னாடி செவுருதான் தெரியுது," என்றான் மாசிலாமணி. "ஆதனைக் காணோம்."

ஏகாம்பரம் பொலபொலவென்று அழுதுவிட்டான். புலிக்கூண்டுக்கு ஓடினார்கள். எறும்பு மட்டும்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"பார்வையாளர்கள் கவனிக்கவும். மஞ்சள் சட்டை போட்ட மூன்று மாமாக்களைக் காணவில்லை. எங்கிருந்தாலும் நுழைவாயில் அறைக்கு வரவும். குழந்தை காத்திருக்கிறது."

மூவரும் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்தார்கள். மூன்றும் மஞ்சள்.

"நம்மளத்தான் சொல்றாங்களோ?" என்றான் ஏகாம்பரம் மூக்கை உறிஞ்சியபடி.

"அட கூறுகெட்டவனே! நாம எங்கடா காணாமப் போனோம்? இதோ நிக்கறோமே. காணாமப் போனது ஆதன்."

"ஆமால்ல. அய்யோ பாவம், யார் பெத்த புள்ளையோ! மூணு மாமனையும் ஒரேயடியாத் தொலைச்சுட்டு நிக்குது."

"அந்த ரூமுக்கே போயி நம்ம புள்ளை காணாமப் போனதையும் சொல்லிடுவோம்," என்றான் தணிகாசலம்.

போனார்கள். மேஜை மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஆதன், "மாமா!" என்று தாவினான். மூவரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அறையிலிருந்த அம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. "சரி, பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

அவர்கள் போகவில்லை. வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நாலு மணி ஆயிற்று, ஐந்தாயிற்று. கேட்டைச் சாத்த வேண்டும் என்று எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கடைசியில் அந்த அம்மாள் நம்பரை வாங்கி அக்காவுக்கே போன் போட்டார்.

செல்வநாயகி பரீட்சைப் பேனா கையிலிருக்க மூச்சிரைக்க வந்தாள். பிள்ளையை இடுப்பில் வாங்கி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, முத்தம் கொடுத்துவிட்டுத்தான் தம்பிமார் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, அதான் புள்ள கெடச்சுட்டானே! கெளம்ப வேண்டியதுதானே?"

"எப்படிக்கா போறது?" என்றான் தணிகாசலம். "நம்ம புள்ள நமக்குக் கெடச்சுட்டான். அந்த மஞ்சச் சட்டை மாமனுங்க மூணு பேரும் இன்னும் வந்து சேரலையே! அவங்களுக்கும் வீட்டுல ஒரு அக்கா இருக்கும்ல? நீ இவனக் கூட்டிட்டுப் போ. நாங்க தேடிப் புடிச்சுக் குடுத்துட்டு வர்றோம்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் மூவரும் மூன்று திசையில் ஓடிவிட்டார்கள். காணாமல் போனவர்கள் பேர் தெரியாததால், "மாமா! மாமா!" என்றே கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சிங்கக்கூண்டுப் பக்கமிருந்து தணிகாசலத்தின் சந்தோஷக் கூச்சல் கேட்டது.

"அக்கா! ரெண்டு பேரு உசுரோட இருக்காங்க! சத்தம் கேக்குது! இன்னும் ஒருத்தருதான் பாக்கி!"