மூடி திறந்திருந்தது

"அவன் வெளியே வர மாட்டேங்கிறான், டீச்சர்" என்றார் தில்லைநாயகம்.

"யாரு?"

"அதியன். என் தொடர்கதை நாயகன். பாதாளச் சாக்கடைக்குள்ள போனவன் போனவன்தான்."

பூங்கோதை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

கதை எழுத அவள் கற்றுக்கொடுத்தாள். மாடி வீட்டின் முன்னறை, நாலைந்து மாணவர்கள். அவர்களில் மூத்தவர் தில்லைநாயகம். ஆசிரியையைவிட இருபது வயது பெரியவர். காப்பீட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின் பேனாவைத் தொட்டவர். வார இதழ் ஒன்றில் அவர் பெயர் இப்போதுதான் முதன்முதலாக அச்சேறியிருந்தது.

பூங்கோதை எதையும் திருத்த மாட்டாள். கேள்விதான் கேட்பாள். சில நாள் அதுவும் கிடையாது.

"பத்திரிகையிலேர்ந்து போன் பண்ணிட்டாங்க" என்றார் அவர். "வியாழக்கிழமைக்குள்ள அவன் மேலே வரணுமாம். இல்லேன்னா தொடரையே நிறுத்திடுவாங்களாம். 'சாக்கடையிலேயே குடித்தனம் வச்சுட்டானா'ன்னு ஒரு வாசகர் எழுதியிருக்கார்."

அவள் சிரித்தாள். "நல்ல வாசகர்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. இது நின்னு போச்சுன்னா இனி இந்த வயசுல எனக்கு யார் தொடர் தரப்போறாங்க?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"மூணு வாரமா உள்ளே என்ன பண்றான்?"

"ஓடறான்."

"அவ்வளவுதானா?"

"முதல் வாரம் எலிக்கூட்டம். அடுத்த வாரம் கண் தெரியாத முதலை. போன வாரம் நீலமா ஒளி விடற பாசி."

"நாத்தம்?"

"கதை நடக்கறது முன்னூறு வருஷம் கழிச்சு, டீச்சர். நாத்தமெல்லாம் இருக்காது."

"அடைச்சுக்கிட்டா?"

"இயந்திரம் பார்த்துக்கும். என் நகரத்துல ஆள் இறங்கற வேலையே கிடையாது. முதல் அத்தியாயத்துலயே சொல்லிட்டேனே."

அவள் ஒரு மொச்சைக்காயைப் பிளந்தாள். உள்ளே புழு இருந்தது. அதை எதிரே அவர் பார்க்கும்படி வைத்துவிட்டு, அடுத்த காயை எடுத்தாள்.

அவர் வெகுநேரம் அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து போனார்.

வீட்டில் எழுதிப் பார்த்தார்.

ஓர் இரும்பு ஏணி வைத்தார். அதியன் அதன் அடியில் வந்து நின்றான். காலை எடுத்து வைக்கவில்லை.

வெள்ளம் விட்டார். வெள்ளம் வடிந்த பிறகும் அங்கேயே நின்றான்.

மேலே அவன் காதலி பெயரைச் சொல்லி அழைத்தாள். அவன் அண்ணாந்து பார்த்தான். திரும்ப இருட்டைப் பார்த்தான்.

பெற்ற பிள்ளைகூட இப்படி முரண்டு பிடித்ததில்லை என்று தில்லைநாயகம் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மாலை மறுபடியும் மாடியேறினார். கையில் அந்த மூன்று இதழ்கள்.

வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெரிய செருப்பு, குதிகால் தேய்ந்தது. பூங்கோதையுடையது அல்ல.

அவர் தயங்கினார். "டீச்சர், உள்ளே ஆள் இருக்காங்க போல. அப்புறம் வரட்டுமா?"

"என் தம்பிதான். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து தூங்கறான். நீங்க வாங்க, சார்."

அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

"நாளைக்கு வியாழன்" என்றார்.

"தெரியும். அவன் இறங்கின இடத்தைப் படிங்க."

"அது பழைய கதை, டீச்சர். ஏறறதுக்கு வழி கேட்டா…"

"படிங்க."

படிக்க வேண்டியிருக்கவில்லை. அச்சில் வந்த தன் எழுத்து, மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"'இயந்திரக் காவலர்கள் நெருங்கிவிட்டனர். தெரு நடுவே பாதாளச் சாக்கடையின் மூடி திறந்திருந்தது. அருகில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பு காலில் இடற, அதை உதைத்துத் தள்ளிவிட்டு அதியன் இருளுக்குள் குதித்தான்.'"

"மூடியை யாரு திறந்தது?"

"யாருமில்லை. திறந்திருந்தது."

"தானாவா?"

"இந்த மாதிரிக் கதையில அப்படித்தான், டீச்சர். உயிருக்குத் தப்பி ஓடறவன் கடப்பாரையா தேடிக்கிட்டிருப்பான்? அவன் வந்து சேரும்போது மூடி திறந்துதான் கிடக்கும். யாரும் கேட்க மாட்டாங்க."

"நான் கேட்டுட்டேனே."

அவர் கண்ணைத் திறந்தார்.

"சரி, அந்தச் செருப்பு?"

"அது சும்மா. காலைத் தடுக்க ஏதாவது வேணுமில்லையா?"

"கல்லு வச்சிருக்கலாமே."

"கல்லுன்னுதான் எழுத நினைச்சேன்." அவருக்கே அது இப்போதுதான் வியப்பாக இருந்தது. "கை செருப்புன்னு எழுதிடுச்சு."

"முன்னூறு வருஷம் கழிச்சுமா?"

"செருப்பு எப்பவும் செருப்புதானே, டீச்சர்."

கதவுக்கு அப்பால் தூங்குகிறவன் புரண்டு படுத்தான். கட்டில் முனகிற்று. ஒருமுறை இருமினான், மறுபடி ஓசையில்லை. பூங்கோதை அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"சார், நான் சொல்றதுக்கு முன்னாடியே உள்ளே ஆள் இருக்குன்னு சொன்னீங்களே. எப்படித் தெரிஞ்சுது?"

"இதென்ன கேள்வி? வாசல்ல செருப்பு கிட…"

நிறுத்தினார்.



அவர் கைகள் மடியிலிருந்த இதழ்களைப் புரட்டின. எலிக்கூட்டம். முதலை. நீலப் பாசி. பக்கம் பக்கமாக அதியன் ஓடியிருந்தான். ஓர் இடத்திலாவது நின்று, 'யாரது?' என்று குரல் கொடுத்திருக்கவில்லை.

"டீச்சர்" என்றார் தில்லைநாயகம். முதல் இதழின் மேல் விரலை வைத்தார்.

"அந்தச் செருப்புக்காரன் உள்ளே இறங்கி மூணு வாரம் ஆயிடுச்சே."