அருளானந்து எழுந்த நாற்காலி

"இனிமே நான் இங்க வரல டீச்சர்," என்றார் அருளானந்து.

ரஹ்மத் நிமிர்ந்து பார்த்தார். தூத்துக்குடியில் அந்தச் சதுரங்க மன்றத்துக்கு அவர்தான் பயிற்சியாளர். அருளானந்தைவிட இருபது வயது இளையவர். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அருளானந்து அவரிடம் ஆடக் கற்றுக்கொண்டார்.

"மறுபடி சபேசனா?"

"அவரேதான். அரையிறுதி வரைக்கும் வந்து தோத்துட்டேன். ஒரு குதிரை போச்சு. ஆட்டத்தைப் பாதியில விட்டு, தோல்வின்னு கை கொடுத்துட்டு வந்துட்டேன். இதுக்கெல்லாம் தனி மூளை வேணும். எனக்குக் கிடையாது."

வாசலில் உட்கார்ந்திருந்த ரஹ்மத் எழுந்தார். உள்ளே நடந்தார். அருளானந்தும் பின்னால் போனார்.

மருந்துக்கடை சபேசன் ஜெயித்த மேஜையிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காய்கள் இன்னும் கலையவில்லை.

"சும்மாதான். காய்கள் இப்ப நிக்கிற இடத்திலேருந்தே என்கூட ஆடுறீங்களா?" என்று கேட்டார் ரஹ்மத்.

"எனக்கு ஒரு குதிரை கூடுதலா இருக்கு. தாராளமா ஆடலாம்."

அருளானந்து எழுந்த நாற்காலியில் ரஹ்மத் உட்கார்ந்தார்.

பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தக் காயையும் தொடவில்லை.

பின்னால் நின்ற அருளானந்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரும் எட்டிப் பார்த்தார். பலகையின் ஓரத்தில் அவருடைய சிப்பாய் ஒன்று தனியாக நின்றது. கடைசிக் கட்டம் வரை அதன் வழியில் ஒரு காயும் இல்லை; அங்கே போய்ச் சேர்ந்தால் அது இன்னொரு ராணியாகிவிடும்.

"அந்தச் சிப்பாய்..." என்றார், தன்னையறியாமல்.

ரஹ்மத் திரும்பினார். "நீங்க கை கொடுத்தப்போ அது எங்க நின்னுச்சு?"

அருளானந்து கொஞ்சம் யோசித்தார். "அங்கேயேதான்."

ரஹ்மத் எழுந்துகொண்டார்.

"நான் தோத்தாச்சே டீச்சர். முடிவையும் எழுதிட்டாங்க."

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். உட்காருங்க சார்."

அருளானந்து உட்கார்ந்தார். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

சபேசன் சிரித்துக்கொண்டே ஆடினார்.

அருளானந்து இன்னொரு கட்டம் தள்ளினார்.

சபேசனின் சிரிப்பு நின்றது. ராஜாவுக்குக் காவல் இருந்த யானையை நகர்த்திக் கொண்டுவந்து சிப்பாயை மறித்தார். ராஜாவின் பக்கம் திறந்துகொண்டது. அந்த வழியாக அருளானந்தின் ராணி உள்ளே நுழைந்தது.

சபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டிரா வச்சுக்கலாமா?"

அருளானந்து பின்னால் திரும்பினார். ரஹ்மத் அங்கே இல்லை. வேறு ஒரு மேஜைக்குப் போய்விட்டிருந்தார்.

"இல்ல," என்றார் அருளானந்து. "ஆடுவோம்."