பின்பாரம்

தூத்துக்குடி கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் புதிதாக வந்த எஸ்தரை மேனேஜர் பாராட்டும்போதெல்லாம் மூத்த டிரைவர் மாசானத்துக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பெரிய மோட்டார் ஒன்று வந்தது. எஸ்தர் தூக்கியதும் பாரம் தாங்காமல் வண்டியின் பின்சக்கரம் எழும்பியது. உடனே இறக்கிவிட்டாள்.

மாசானத்துக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மேனேஜர் காதில் விழும்படி சொன்னார்: "பின்னால ரெண்டு பேரை ஏத்தி நிக்கவெச்சுத் தூக்கு. நான் அப்படித்தான் தூக்குவேன். பயமா இருந்தா சாவியைக் குடுத்துட்டுப் போ."

"சரிண்ணே. மொத ஆளா நீங்க ஏறுங்க. உங்களை மாதிரி கனமான ஆள் இங்க யாரு இருக்கா?"

எல்லோரும் பார்க்க மாசானம் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு காலை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "வண்டி கவுந்தா நான்லா நசுங்குவேன்?"

"அப்போ வேற ஆள் நசுங்கினா பரவாயில்லையா?" என்ற மேனேஜர், பெரிய வண்டியை வரவழைத்தார்.

அதையும் எஸ்தரே ஓட்டினாள். அவளுக்கு வழிவிடச் சொல்லிக் கொடி காட்டும் வேலை மாசானத்துக்குக் கிடைத்தது.