தாரணி ஊற்றிய உறை

மயிலாத்தாள் மடத்துக்கு வரும்போதே முகம் சரியில்லை. துடைப்பத்தை எடுத்தவள் முற்றத்தைப் பெருக்கவில்லை, அடித்தாள்.

"மண்ணுக்கு வலிக்கப் போகுதுக்கா" என்றார் மடத்தம்மா.

அமராவதி ஆற்றை ஒட்டியிருந்த அந்த மடம் சின்னது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் கொய்யா மரங்கள். அங்கிருந்த குருவை எல்லோரும் மடத்தம்மா என்றார்கள். குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சிஷ்யை மயிலாத்தாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றார், சிஷ்யை குருவை அம்மா என்றாள். புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவரும் ஒருநாளும் குழம்பியதில்லை.

மயிலாத்தாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒருத்தி வாயை அடைக்கோணும். வழி சொல்லுங்க."

"யாரு வாயை?"

"பக்கத்து ஊட்டுப் பேபி வாயை."

பேபிக்கு வயது நாற்பதுக்கு மேல். தொட்டிலில் வைத்த செல்லப் பெயர் ரேஷன் கார்டு வரைக்கும் வந்துவிட்டது. வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். மயிலாத்தாளுக்கு அந்தச் சிரிப்பு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. தன் மகளும் அதோடு சேர்ந்து சிரிக்கிற சத்தம் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வர ஆரம்பித்த பிறகு சுத்தமாக ஆகாது.

மகள் பெயர் தாரணி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். தகப்பன் அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டார். பதினாறு வயதில் அவளும் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. முந்தின நாள் அவளுக்கு வருஷ திதி.

"சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுட்டு இருக்குது. இவ எலைக்கு முன்னால உக்காந்துட்டு, தாரணி எங்க ஊட்டுல மெஷின் மேல தாளம் போட்டுட்டு ஆடுவா பாருங்கன்னு ஆரம்பிக்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னு கேக்கறாங்க. எம் புள்ள ஆடுவாளாமுங்க! பெத்தவ எனக்குத் தெரியாது."

"நல்லா ஆடுவாளாமா?"

மயிலாத்தாள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்கன்னு மறுபடியும் வாயைத் திறந்தா. எம் புள்ள பேரை இனி எடுத்தீன்னா நடக்கறதே வேறன்னு சொல்லிட்டேன். பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிட்டா."

"பொறாமையாக்கா?"

"ஆமாங்க. வயிறு எரியுது. படிடின்னு கத்துனது, போனை வெய்யின்னு புடுங்குனது, மருந்தைக் குடின்னு மல்லுக்கட்டுனது, இதெல்லாம் என்ர பங்கு. ஆடுனது, சிரிச்சது எல்லாம் அவ பங்கா? இது எந்த ஊரு நியாயமுங்க?"

மடத்தம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேபிகிட்ட இல்லாதது உங்ககிட்ட ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்குது." மயிலாத்தாளின் குரல் இறங்கியது. "தயிருங்க."

"தயிரா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு சாயங்காலம் அவதான் உறை ஊத்துனா. பால் சூட்டைச் சுண்டுவிரலை விட்டுப் பாத்துட்டு, அந்த விரலைச் சப்பிக்குவா. திட்டுனாலும் கேக்க மாட்டா. ஊத்திட்டுத் தட்டுப் போட்டு மூடி, 'தூங்கு கண்ணு'ன்னு பால்கிட்டச் சொல்லுவா. கிறுக்கச்சி. காத்தால எந்திரிச்சு மேல படிஞ்ச ஏட்டை மட்டும் வழிச்சுத் தின்னுட்டுப் பூனை மேல பழியைப் போடுவா. எங்க தெருவுலயே பூனை கிடையாதுங்க."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

"அவ ஊத்துன தயிருல இருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலுக்கு. அதுல இருந்து அதுக்கு அடுத்த நாளுக்கு. ஒரு நாள் விட்டதில்லீங்க. இன்னிக்கு எங்க ஊட்டுல இருக்கற தயிரு அவ தயிருதான். நானும் 'தூங்கு கண்ணு'ன்னு சொல்லித்தான் மூடறேன். யாருக்கும் உறை குடுக்கறதில்லை."

"மடத்துத் தயிரு நாலு நாளா ஒரே புளிப்பு" என்றார் மடத்தம்மா. "எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்."

மயிலாத்தாள் கீழே பார்த்தாள். குரு கேட்டு அவள் எதையும் இல்லை என்று சொன்னவள் கிடையாது.

"வேற எது வேணாலும் கேளுங்கம்மா."

"சரிக்கா" என்று மடத்தம்மா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் மயிலாத்தாளின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தாராபுரத்துக்குப் போய் சில நாள் தங்க வேண்டியிருந்தது. அவள் சொல்லிக்கொள்ள வந்தபோது மடத்தம்மா கேட்டார்.

"தயிரு?"

"ஃபிரிட்ஜுல வெச்சுட்டுப் போறேனுங்க."

"ஊருக்குப் போறவங்க உங்க தெருவுல என்ன செய்வாங்க?"

அது மயிலாத்தாளுக்கும் தெரியும், அந்தத் தெருவுக்கே தெரியும். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கிண்ணம் உறையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வந்ததும் அங்கிருந்து வாங்கிக்கொள்வார்கள். யார் வீட்டு உறையும் அப்படித்தான் அற்றுப்போகாமல் இருந்தது.

"பக்கத்து ஊடுன்னா பேபி ஊடுதானுங்க."

"ஆமா."

"செத்தாலும் அவளுக்குக் குடுக்க மாட்டேன்."

"ஃபிரிட்ஜு நல்ல ஃபிரிட்ஜா?" என்று மட்டும் கேட்டார் மடத்தம்மா.

ஃபிரிட்ஜ் நல்ல ஃபிரிட்ஜ்தான். கோடை மழை காற்றோடு வந்து தெருக்கோடியில் மின்கம்பத்தைச் சாய்த்துவிட்டது. மயிலாத்தாள் திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. தயிரின் மேல் செம்மஞ்சளாகப் பூஞ்சை பூத்திருந்தது. மேலாக வழித்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பாலில் ஊற்றி, 'தூங்கு கண்ணு' என்று மூடி வைத்தாள். காலையில் பால் நூல்நூலாக இழுத்தது. கீழே கொட்ட மனசு வராமல் அந்தப் பாத்திரத்தோடு அப்படியே மடத்துக்கு வந்தாள்.

"ரெண்டாவது தடவை செத்துட்டாளுங்க" என்றாள்.

மடத்தம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் கவிழ்த்தார். கழுவித் துடைத்து, உள்ளேயிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தையும் கொண்டுவந்தார்.

"நீங்களும் இப்ப உறை இல்லாதவங்க, நானும் இல்லாதவ. பேபி ஊட்டுல போய்க் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

"அவகிட்டயா? நானா?"

"எனக்குத்தான் கேக்கறேன். மடத்துக்குன்னு சொல்லுங்க."

ஏற்கெனவே ஒருமுறை இல்லை என்று சொன்ன பாவம் மயிலாத்தாளைக் குத்திக்கொண்டிருந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஆனாலும் கால் எளிதில் எழவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிடந்து, வெயில் சாய்ந்த பிறகுதான் பேபி வீட்டு வாசலுக்குப் போனாள்.

மெஷின் சத்தம் நின்றது.

"வாங்கக்கா" என்றாள் பேபி. திதிக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வது அதுதான் முதல்.

"உக்கார வரலை. மடத்தம்மா உறை கேட்டாங்க. இருந்தாக் குடு."

"அதென்ன, இல்லாமயா?"

பேபி சமையலறைக்குள் போனாள். மயிலாத்தாள் வாசற்படியிலேயே நின்றாள். பேபி பாத்திரத்தின் மேலிருந்த தட்டை எடுத்தபடி மெதுவாக, "எந்திரி கண்ணு" என்றாள்.

மயிலாத்தாள் உள்ளே போய்விட்டாள்.

"என்ன சொன்னே நீ?"

பேபி திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"தாரணி சொல்லுவாக்கா. ராத்திரி மூடும்போது தூங்குன்னு சொன்னா, திறக்கும்போது எழுப்பி உடோணுமாம். இல்லைன்னா தயிருக்குக் கோவம் வந்துருமாம்."

"உனக்கெதுக்கு அவ தயிரைப் பத்திச் சொன்னா?"

"அன்னிக்குத் திதியில இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க உடலை. இது உங்க ஊட்டு உறைதானுங்கக்கா. அவ கையால குடுத்தது. அவ படுக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால எங்க ஊட்டுத் தயிரு கெட்டுப்போச்சு. நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. வெளக்கு வெச்சாச்சு, நாளைக்கு வாங்கிக்கறேன்னுதான் சொன்னேன். அவ கேக்கவே இல்லை. வெளக்கு வெச்ச பொறகு குடுத்தா லட்சுமி போயிருவாளாமே, போனா பக்கத்து ஊட்டுக்குத்தானே போவா, நான் வந்து கூட்டிக்கறேன்னு சொன்னா. இத்துணூண்டு போதும் கண்ணுன்னு கிண்ணத்தை நீட்டுனேன். அவ என்ன பண்ணுனா தெரியுமா?"

"வெளக்கு வெச்ச பொறகா?" என்று கத்தினாள் மயிலாத்தாள். "வெளக்கு வெச்ச பொறகா வாங்கினே? அதாண்டி என்ர ஊட்டு லட்சுமி திரும்பி வரலை!"

பேபி சுவரோடு ஒட்டி நின்றாள். கிண்ணத்தில் தயிரை ஊற்றி நீட்டினாள். மயிலாத்தாள் வெடுக்கென்று வாங்கியதில் கொஞ்சம் தரையில் சிந்தியது. மயிலாத்தாள் குனிந்து அதையும் விரலால் வழித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மடம்வரைக்கும் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் கிடைத்துவிட்டாள், கிடைத்த இடம்தான் பொறுக்கவில்லை.

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் மடத்தம்மாவிடம் சொன்னாள்.

"என்ர ஊட்டுல அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தது போச்சு. அவ ஊட்டுல, கத்திரியும் நூலும் கெடக்கற எடத்துல, இது உசுரோட இருக்குதுங்கம்மா. அதுவும் வெளக்கு வெச்ச பொறகு வாங்குனது. சொல்லுங்க, அதனாலதான் எம் புள்ள போனாளா?"

மடத்தம்மா எழுந்துபோய் மாடத்து விளக்கில் எண்ணெய் ஊற்றினார். திரியைத் தூண்டினார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அன்று விளக்கு ஏற்றினார்.

பிறகு சமையலறைக்குப் போய்க் காய்ச்சி ஆறவைத்த பாலோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, மடத்துக்குக் கொஞ்சம் உறை குடுங்க."

மயிலாத்தாளின் கை கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தது.

"இப்பத்தானே வெளக்கு வெச்சீங்க."

"வெச்சுட்டுத்தான் கேக்கறேன்."

"கொஞ்சம் முன்னாடியே கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டிருக்கலாம்."

விளக்கு ஒருமுறை ஆடி நின்றது. மயிலாத்தாள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். ஓரத்தில் அவள் விரலால் வழித்துப் போட்ட தடம் இருந்தது. சுண்டுவிரலைப் பாலில் விட்டுச் சூடு பார்த்தாள். எடுத்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு சப்பிக்கொண்டாள்.

அவள் அழுகிற சத்தம் அடங்க நேரமாயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எவ்வளவு ஊத்தட்டுமுங்க?"

"அன்னிக்கு உங்க புள்ள எவ்வளவு ஊத்துனா?"

"தெரியலீங்களே. இத்துணூண்டு போதும்னு பேபி கிண்ணத்தை நீட்டுனாளாம். அப்பறம் எம் புள்ள என்ன பண்ணுனாளோ, பேபி சொல்ல வந்தா. அதுக்குள்ள நான் கத்திட்டேன்."

மடத்தம்மா பாலை ஒரு தட்டால் மூடினார்.

"பால் சூடு ஆறாது, நான் பாத்துக்கறேன். போய் மீதியைக் கேட்டுட்டு வந்து ஊத்துங்க."