நீலக்கொடியில் ஒரு வெள்ளை

"அது என் பிள்ளைதானாம்மா?"

ஆசிரமத்துக்கு வந்ததும் வராததுமாக பிச்சையா கேட்டது இதைத்தான்.

அவனுக்குக் கருவிழி. மனைவி ஆவுடைக்கும் கருவிழி. பிறந்த பெண்ணுக்கோ பூனைக்கண். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. பிச்சையா பிள்ளையோடு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

ஆசிரமத்து அம்மா துறவுக்கு முன் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வேலியில் படர்ந்திருந்த நீலச் சங்குப்பூக் கொடியைக் காட்டி, மொட்டுகளுக்குத் துணிப்பை கட்டச் சொன்னார். வேறு கொடியின் மகரந்தத்தோடு வண்டு நுழையக் கூடாதாம்; பூ தன் மகரந்தத்திலேயே காய்க்குமாம்.

சந்தேகக்காரனுக்கு ஏற்ற வேலைதான். கட்டினான். அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினான். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போய்ப் பார்த்தான். காய் முற்றும்வரை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விதைகளையும் அவனே ஊன்றினான். முளைத்ததா என்று மண்ணைக் கிளறப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

ஒருவழியாகக் கொடிகள் பூத்தன. எல்லாம் நீலம். ஒன்று மட்டும் வெள்ளை.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு? நான்தானே காவல் இருந்தேன்."

"வெளியேருந்து வரலைப்பா. தாய்க்கொடிக்குள்ளயே இருந்தது. நீலத்துக்கு உண்டான மரபணு ஒண்ணு இருந்தாலே பூ நீலம்தான். கூட இருக்கிற வெள்ளை தலைகாட்டாது. ரெண்டு பக்கமும் வெள்ளையே வந்து ஒரு விதையில சேந்துட்டா, இப்படிப் பூக்கும்."

"கண்ணு?"

"அதுவும் ஏறக்குறைய அப்படித்தான்."

பிச்சையா அழுதேவிட்டான். அந்த வெள்ளைப் பூவைப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டான்.

"பூவை இங்கேயே வெச்சுட்டுப் போ" என்றார் அம்மா.

அதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

தாய்வீட்டு வாசலில் ஆவுடை நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. அவன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். துணிப்பை கட்டியது, காவல் கிடந்தது, நீலக் கொடியின் விதையில் வெள்ளை பூத்தது. இனி ஊர் என்ன சொன்னாலும் கவலையில்லை, புறப்படு என்றான். துண்டை அவிழ்த்து, வாடிப்போன பூவை நீட்டினான்.

ஆவுடை வாங்கவில்லை. பிள்ளைதான் சிரித்துக்கொண்டு கை நீட்டியது.

அவள் பூவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இதுவும் நீலமாப் பூத்திருந்தா வந்திருப்பியளா?"