பவழமல்லிக்கு விழுந்த ஆணை

முன்னொரு காலத்தில், ஓர் ஊரில், புல்தரையைத் தவிர வேறெதையும் அவ்வளவாக ஆளாத ராஜா ஒருவர் இருந்தார். விடிந்ததும் அரண்மனைப் புல்வெளியில் வெறுங்காலோடு நடப்பார். அவர் கால் படுமுன் வேறு கால் படக்கூடாது; துடைப்பமும் படக்கூடாது, புல்லுக்கு வலிக்குமாம்.

அந்தப் புல்லின் நடுவே ராஜாவின் தாயார் நட்ட பவழமல்லி மரம். விடியலில் பூவை உதிர்ப்பது அதன் சுபாவம். ஒருநாள் ஈரப் பூவில் ராஜாவின் கால் வழுக்கியது. கிரீடம் ஒரு பக்கமும் ராஜா ஒரு பக்கமும் உருண்டார்கள்.

சபை கூடியது. மரத்தை வெட்ட முடியாது, தாயார் நட்டது. ஆகவே தோட்டக்காரி மருதாயியை இழுத்து வந்தார்கள்.

"நாளை முதல் எம் புல்லில் பூவை விழவிடுபவர் எவராயினும் முதுகில் சவுக்கடி!" என்றார் ராஜா.

"நான் என்ன பண்ணுவேன் சாமி? புல்லுல கால் வைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாதுன்னா, பூவை அந்தரத்துல நிக்கச் சொல்லவா?" என்று அழுதாள் மருதாயி.

சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் பூதலிங்கத்துக்கு உச்சந்தலை கொதித்தது. சோறு போடும் சபை, வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"மகாராஜா, உதிர்த்தது மரம், வழுக்கியது தங்கள் பாதம். இதில் இவள் முதுகு எங்கே வந்தது?"

சபை திடுக்கிட்டது. பூதலிங்கம் எப்போது இடறுவான் என்று காத்திருந்த மந்திரி வச்சிரநாதர் மட்டும் புன்னகைத்தார். "பிரபோ, விகடருக்கு அவ்வளவு கருணையிருந்தால் நாளைய காவலை அவரே ஏற்கட்டும். ஒரு பூ விழுந்தாலும் இருவர் முதுகுக்கும் சவுக்கு."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வெளியே வந்ததும் மருதாயி அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, என் அடி பத்தாதுன்னு உன் அடியையும் சேர்த்து வாங்கிக் குடுத்திருக்கியே!"

பூதலிங்கம் நேரே வண்ணான் சுடலையிடம் போனான். மந்திரி கூட்டத்தின் வெள்ளை அங்கவஸ்திரங்கள் அங்கே துவைத்துப் பிழிந்து கிடந்தன.

"இதையெல்லாம் அரண்மனைப் புல்லில் காயப்போடு. நல்ல வெளுப்பு வரும்."

"கறை ஏறுனா என் தலைதானே சாமி உருளும்?"

"கறைக்கு நான் பொறுப்பு."

இருட்டுமுன் மரத்தடிப் புல் முழுவதும் துணி விரிந்துவிட்டது.

விடிந்தது. ராஜா வந்தார், பின்னால் சபை, அதற்கும் பின்னால் சவுக்கோடு ஒரு சேவகன்.

"எம் புல் எங்கே?"

"கீழே பத்திரமாக இருக்கிறது மகாராஜா. தாங்களே தூக்கிப் பாருங்கள்."

ராஜா ஒரு முனையைத் தூக்கினார். பூவெல்லாம் துணியில் கிடந்தது. புல்லில் மருந்துக்கும் ஒரு பூ இல்லை.

மருதாயி மூச்சு விட்டாள். மந்திரி விடவில்லை. அவர் கண் ஒரு சரிகைக் கரையில் நிலைத்திருந்தது. ஈரத்துணியில் பவழக் காம்பு இரவெல்லாம் ஊறியதால் வெள்ளைத் துணி திட்டுத்திட்டாகக் காவியேறியிருந்தது.

"அடப்பாவி! என் அங்கவஸ்திரமடா!" என்று மரியாதையெல்லாம் மறந்து பாய்ந்த வச்சிரநாதர், துணியை உருவி ஓங்கி ஓர் உதறு உதறினார்.

பூமாரி பொழிந்தது. புல் எங்கும் பூ.

பூதலிங்கம் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "மகாராஜா, இதுவரை ஒரு பூவும் விழவில்லை. இப்போது விழவிட்டவர் யாரென்று நான் சொல்ல வேண்டுமா?"

சேவகன் பழக்கதோஷத்தில் சவுக்கை ஓங்கிவிட்டான். காவித் துணியும் கையுமாகப் புதுச் சந்நியாசிபோல் நின்ற மந்திரியைப் பார்த்து ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வென்றாய் பூதலிங்கம்! ஆனால் கறை உன் பொறுப்பு, நீயே துவைக்க வேண்டும். பரிசாக என்ன வேண்டும், கேள்."

"துவைத்தால் காயப்போட வேண்டுமே மகாராஜா. இனி புல்லும் ஆகாது. அந்தச் சவுக்கைக் கொடுங்கள். நல்ல நீளம், நல்ல முறுக்கு."

ராஜாவின் சிரிப்பு சற்றே நின்றது. மருதாயியின் முதுகைப் பார்த்தார். பிறகு சேவகனிடம் தலையசைத்தார்.

அன்று மதியம் சுடலை வீட்டு வாசலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அரண்மனைச் சவுக்கு துணிக்கொடியாகத் தொங்கியது. முதலில் காய்ந்தது மந்திரியின் துணி. கறை போகவில்லை.